நாகூரில் மைனஸ் நாற்பது

குவைத்தில் ஓர் அரபி வீட்டுக்கு இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டினேன். ஐம்பது டிகிரி வெயிலில் ஸ்டியரிங்கைத் தொட முடியாமல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓட்டியவன் நான். குளிரால் ஒரு கார் நடுரோட்டில் படுத்துக்கொண்டது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அது எனக்கே நடந்தது, அதுவும் தை மாதத்து நாகூரில். எங்கள் ஊரில் குளிர்காலம் என்றால் ஃபேனை நாலிலிருந்து மூன்றுக்குக் குறைப்போம். அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பிய இரண்டாவது வருடம் பழைய எலக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கினேன். உலகம் கெட்டுப்போகிறது, நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மை வேறு. வாழ்நாளில் பாதியை அடுத்தவன் வண்டிக்கு எண்ணெய் போட வரிசையில் நின்றே கழித்தவன் நான். சொந்த வண்டிக்காகவும் வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை.

என் மனைவியின் அண்ணன் தஞ்சாவூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பெரிய டீசல் வண்டி, அதைவிடப் பெரிய வாய். என் காரை முதன்முதலில் பார்த்தபோது அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுச் சொன்னார்:

"மச்சான், இது காரு இல்ல. சக்கரம் வச்ச செல்போன். சார்ஜ் போனா கையில எடுத்துட்டு நடக்க வேண்டியதுதான்."

அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு எப்போது போனாலும் முதல் கேள்வி "எத்தன பர்சென்ட்டு இருக்கு மச்சான்?" என்பதுதான். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

போன தை மாதம் அவர் புது வீடு குடிபோனார். காலை பத்து மணிக்கு ஹஜ்ரத்து வந்து பாத்திஹா ஓதுவார், அதற்கு முன்னால் பால் காய்ச்ச வேண்டும். ஒரே தங்கை வந்துதான் அடுப்பு மூட்ட வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டதால், ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் அங்கே இருக்க வேண்டும். நாகூரிலிருந்து தஞ்சாவூர் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். முழு சார்ஜில் என் வண்டி இருநூறு ஓடும். கணக்குப்படி போய்விட்டு, மச்சானிடம் பாக்கி பர்சென்ட்டைக் காட்டிவிட்டு, திரும்பியும் வந்துவிடலாம்.

ஆனால் நாலு நாளாகவே வண்டியின் போக்கு சரியில்லை. இரவெல்லாம் சார்ஜ் போட்டாலும் திரையில் நூற்றிருபது கிலோமீட்டர்தான் காட்டியது. நாகப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தால் அதில் முப்பது காணாமல் போயிருக்கும். சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். எடுத்த பையன் எதையோ பார்த்துப் படிப்பது போலப் பேசினான்.

"குளிர்காலத்துல ரேஞ்ச் குறையும் சார். பேட்டரியோட நேச்சர் அது. கவலைப்படாதீங்க."

"தம்பி, நான் நாகூர்லேர்ந்து பேசுறேன்."

"ஆமா சார். அங்க குளிர் எப்படி சார் இருக்கு?"

சட்டையில்லாமல் வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. இருந்தாலும் படித்த பையன் சொல்கிறான், காலையில் கொஞ்சம் பனியும் இருக்கத்தான் செய்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்று ராத்திரி, மனைவிக்குத் தெரியாமல், குவைத்திலிருந்து கொண்டுவந்த கனத்த கம்பளியை பானட்டின் மேல் போர்த்திவிட்டேன். காலையில் பார்த்துவிட்டாள்.

"காய்ச்சலா அதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கம்பளியை உதறி மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

விசேஷத்தன்று சுபுஹு தொழுதுவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினோம். மனைவியின் மடியில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய தம்ரூட். ரவையும் முட்டையும் நெய்யும் போட்டு முந்தின நாள் முழுக்க நின்று செய்தது. வழியெல்லாம் பனிமூட்டம். முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஹெட்லைட்டைப் போட்டு நிதானமாக ஓட்டினேன்.

நாகப்பட்டினம் தாண்டியதும் திரையின் ஓரத்தில் நீலமாக ஒன்று எரிவதை மனைவி பார்த்தாள்.

"என்னங்க, பூ மாதிரி ஒண்ணு எரியுது, அழகா இருக்கு."

"ம்."

"பக்கத்துல மைனஸ் நாப்பதுன்னு போட்டிருக்கு."

"அது ஏதோ கணக்கு."

"எதுக்குக் கணக்கு?"

"வண்டிக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். டயரு, பிரேக்கு, எத்தனையோ."

'தெரியாதுன்னு சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவீங்க' என்பதை வாய் திறக்காமலே சொல்வதற்கு முப்பது வருடமாக அவளிடம் ஒரு மௌனம் இருக்கிறது. அதைத்தான் எடுத்தாள்.

கண்ணாடியில் ஆவி படிந்தது. ஏசியைப் போட்டேன். அனல் காற்று வந்தது. குறைத்தேன். இன்னும் சூடாக வந்தது. அணைத்தால் கண்ணாடி மங்கி ரோடு மறைகிறது, போட்டால் உள்ளே பேக்கரி அடுப்பு. ஜன்னலை இறக்கினால் பனி முகத்தில் அடிக்கிறது. புர்காவுக்குள் மனைவி வெந்துகொண்டிருந்தாள். குவைத் வெயிலை நான் அவளிடம் எத்தனையோ முறை வர்ணித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

திருவாரூர் வருவதற்குள் பாதிக்கு மேல் சார்ஜ் போய்விட்டது. ஊருக்கு வெளியே ஒரு லாட்ஜில் சார்ஜர் இருப்பதாக போனில் பச்சை விளக்கு காட்டியது. உள்ளே போய்ப் பார்த்தால் சார்ஜரைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். அதன் மேல் ஈரத்துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"மழைக்கு முன்னாடி ஓடிச்சு சார்" என்றார் வாட்ச்மேன். எந்த மழை என்று நான் கேட்கவில்லை.

சரி, இருக்கிற சார்ஜில் மெல்லப் போய்விடலாம் என்று கிளம்பினேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே நின்றபடி ஒரு குடும்பமே டிபனை முடித்துக் கை கழுவலாம். நிற்கிற வண்டியில் சார்ஜ் குறையாது என்பது என் நம்பிக்கை. என் கண் முன்னாலேயே பதினாறு, பதினைந்து, பதினான்கு என்று இறங்கியது. கேட் திறந்து நாலைந்து கிலோமீட்டர் போனதும் வண்டி எதற்கோ பயந்தது போல வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகம்தான்.

"பூவுக்குப் பக்கத்துல ஆமை வந்திருக்குங்க" என்றாள் மனைவி.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் நிஜமாகவே மஞ்சள் நிறத்தில் ஓர் ஆமைப் படம்.

நெல் அவிக்கிற வாசனை வந்தது. சாலையோரமாக ஒரு ரைஸ் மில். ஆமை அந்த மில் வாசல் வரைக்கும் எங்களைக் கொண்டுபோய்விட்டு, களத்தின் ஓரத்தில் நின்றது. அப்புறம் அசையவில்லை.

அதே நேரம் பார்த்து மச்சான் போன் செய்தார்.

"எங்க மச்சான் இருக்கீங்க? பால் வாங்கி வச்சாச்சு."

"நீடாமங்கலம் கேட்டுல நிக்கிறேன் மச்சான். போட்டுட்டான்."

"அட, அது அப்படித்தான். வாங்க வாங்க."

அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மில்லைப் பார்த்தேன்.

மில் மேஸ்திரி நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "பிளக்குதானே பாய், போட்டுக்குங்க, எலக்ட்ரீசியன வரச் சொல்றேன்" என்று உள்ளே குரல் கொடுத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் டெஸ்டரைச் செருகியபடி ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மோட்டார் கொட்டகையிலிருந்த பதினைந்து ஆம்பியர் பிளக்கில் என் கேபிளைச் செருகிக் கொடுத்தார். சார்ஜ் ஏறத் தொடங்கியது. அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ கார் கதவைத் திறந்து தலையை நீட்டித் திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மைனஸ் நாப்பதுன்னு காட்டுதே பாய், எவ்ளோ நாளா?"

"அது ஏதோ கணக்கு இல்லீங்களா?"

"வெளிய அடிக்கிற குளிருங்க அது. பக்கத்துல நீலமா எரியிறது பனி படம். உங்க வண்டி பனிமலைல நிக்கிறதா நெனச்சிட்டிருக்கு."

எனக்குப் பின்னால் மனைவி லேசாகச் செருமினாள்.

"உங்க வீட்டாண்ட வயல் இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"கொல்லைக்குப் பின்னாடி முழுக்க வயல்தான்."

"அறுத்தாச்சா?"

"போன வாரம் மிஷின் விட்டு அறுத்தாங்க."

"அப்ப எலிதான்" என்று சொல்லிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தார். வண்டியின் முன்பக்க பம்பருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கொஞ்ச நேரம் கழித்து, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வயரை வெளியே இழுத்துக் காட்டினார். கறுப்புத் தோல் முழுக்க உரிந்து, உள்ளே செம்புக் கம்பி துண்டாகியிருந்தது. கூடவே கொஞ்சம் வைக்கோலும் பாதி கொறித்த கதிரும் வந்தன. குடும்பத்தோடு குடியேறியிருக்கிறார்கள்.

அங்கேயே படுத்தபடி எனக்கு விளக்கினார். வெளியே எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்று வண்டிக்குச் சொல்வது அந்த வயர்தானாம். அது அறுந்துபோனால் சேதி போகாது. சேதி வராவிட்டால் வண்டி அதை உலகத்திலேயே மோசமான குளிர் என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரி உறைந்துவிடக் கூடாதென்று தன் கரண்டையே எரித்துத் தன்னையே சூடாக்கிக்கொள்ளும். நமக்கும் குளிருமே என்று அனல் காற்றை வேறு அனுப்பும்.

"பாவம் பாய், உங்கமேல உள்ள அக்கறைலதான் செஞ்சிருக்கு" என்றார்.

சர்வீஸ் சென்டர் பையன் சொன்னதும் ஒரு வகையில் உண்மைதான். வண்டிக்குக் குளிர்காலம். எனக்குத்தான் இல்லை.

"இத எங்கங்க கத்துக்கிட்டீங்க?"

"இதுல என்ன கத்துக்க இருக்கு? இருபத்தஞ்சு வருஷமா இந்த மில்லுல எலி கடிச்ச வயரத்தான் ஒட்டிட்டிருக்கேன். மோட்டார்ல கடிச்சா மோட்டார் நிக்கும். இதுல கடிச்சா குளிரும்."

இரண்டு முனையையும் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றினார். வண்டியை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். போட்டேன். பூ மறைந்தது. மைனஸ் நாற்பது இருந்த இடத்தில் இருபத்தாறு வந்தது. மனைவி உடனே ஏசியைப் போடச் சொன்னாள். ஜில்லென்று காற்று வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றது எலக்ட்ரீசியனுக்கும் சேர்த்துத்தான்.

தஞ்சாவூர் போக வேண்டிய அளவுக்கு ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் மச்சான் மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் நான் கேட்டில் நின்றேன். இரண்டாவது முறை, கூட்ஸ் வண்டி என்றேன். மூன்றாவது முறை, இன்ஜின் மாற்றுகிறார்கள் என்றேன். மனைவி தூக்கைத் திறந்து மேஸ்திரிக்கும் எலக்ட்ரீசியனுக்கும் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்களுக்கும் தம்ரூட் வெட்டிக் கொடுத்தாள். கார் சூட்டில் அது இன்னொரு முறை வெந்து, முந்தின நாளைவிட நன்றாகவே இருந்தது. பாதித் தூக்கு காலி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. பால் காய்ச்சவில்லை, பாத்திஹாவும் ஓதவில்லை. ஹஜ்ரத்து, பந்திக்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மச்சான் வாசலில் நின்றார். அவருக்குப் பக்கத்தில், திருவாரூரிலிருந்து எங்களுக்குப் பின்னால் கிளம்பி எங்களுக்கு முன்னால் வந்துவிட்ட அவருடைய சகலை.

"கேட்டு எப்ப தொறந்தான் மச்சான்?" என்றார் மச்சான்.

"இப்பத்தான்..."

"இவரு ஒம்பது மணிக்கு அந்தப் பக்கம் வந்தாராம். தொறந்தே கெடந்துச்சாம்."

சகலை மரியாதையாகக் கூரையைப் பார்த்தார். நான் உதவிக்கு மனைவியைப் பார்த்தேன். அவள் அடுப்பு மூட்ட உள்ளே போய்விட்டாள். பால் பொங்குவதற்குள் சமையல்கட்டில் சிரிப்பு கிளம்பியது. முதலில் இரண்டு பேர், பிறகு நாலு பேர், கடைசியில் என் மாமியாரின் குரலும் சேர்ந்தது. ஆமை, கம்பளி என்று வார்த்தைகள் காதில் விழுந்தன. பந்தியில் நெய்ச்சோறு போட்ட பையன்கூட என் இலைப் பக்கம் வந்ததும், "மாமா, சூடா போடவா?" என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு நாளாக, ஏமாந்து ஓட்டை பேட்டரியைத் தலையில் கட்டிக்கொண்டேனோ என்று யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. ஓர் எலிதான் காரணம் என்று தெரிந்த பிறகு யார் சிரித்தால் என்ன? நெய்ச்சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

மச்சான் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு சாயங்காலம் கிளம்பினோம். மில்லில் நிறுத்தி, எலக்ட்ரீசியன் வீட்டுக்கென்று மனைவி கட்டி வாங்கியிருந்த நெய்ச்சோற்றையும் கறியையும் கொடுத்தோம். பொட்டலத்தை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் நகரவில்லை. காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா பாய்?"

சாவியைக் கொடுத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், மனைவி பின்னால். களத்தைச் சுற்றி மெல்ல ஓட்டினார்.

"சத்தமே இல்லையே பாய். ஓடுதா இல்லையான்னே தெரியல" என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் அழுத்தி மிதித்தார். வண்டி குபீரென்று பாய்ந்து, காயப் போட்டிருந்த நெல்லின் மேல் ஏறி, இரண்டு தடம் போட்டுக்கொண்டு மறுபக்கம் இறங்கியது.

மேஸ்திரி துண்டை வீசிக்கொண்டு ஓடி வந்தார். காலையில் நாங்கள் பார்த்த நல்ல மனிதர் இல்லை அவர். அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. எலக்ட்ரீசியன் வண்டியை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, இரண்டாவது ரவுண்டுக்குத் திருப்பினார்.