கோமளம் வாசிக்காமல் விட்ட வரி

என் மனைவி கோமளேஸ்வரியின் குரலைக் கேட்காத ஆள் பழுகாமத்தில் இருந்தால், அவருக்குக் காது மந்தம் என்று அர்த்தம். என் ஓட்டோவின் கூரையில் ஸ்பீக்கரைக் கட்டி, பின் சீற்றில் அவளை மைக்கோடு உட்கார வைத்து, பதினொரு வருடமாக ஊர் சுற்றுகிறேன். செத்தவீட்டு அறிவித்தல், டெங்குச் சிரமதானம், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் நாள், எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். வயல் வட்டையில் களை பிடுங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். வீட்டில் அவளுக்கு மைக் தேவைப்படுவதில்லை.

மாதத்தின் முதல் வியாழன் பெண்கள் கிளினிக். அந்த அறிவித்தல் எனக்கே மனப்பாடம். "முப்பத்தைந்து வயதைத் தாண்டிய அம்மாமார் அனைவரும் வருகை தரவும். மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில் இரத்தம் படுகின்றவர்கள் கட்டாயம் வரவும்." முதல் தடவை இரண்டாவது வரி வந்தபோது நான் ஹோர்ன் அடித்து மறைக்கப் பார்த்தேன்.

"நோய் வருத்தத்துக்கு வெக்கமில்ல, உங்களுக்கு மட்டும் என்ன வெக்கம்?" என்று பின்னாலிருந்து பிடரியில் ஒன்று போட்டாள்.

அப்படிப்பட்டவள் இந்த வருடம் தையிலிருந்து அந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டாள். அறிவித்தல் சுருங்கிவிட்டது, தொண்டைக்கு நல்லது என்று நானும் பேசாமல் இருந்தேன். மடையன் நான்.

வீட்டிலும் ஒரு மாற்றம். மாதத்தில் ஒருமுறை துடக்கு என்று சாமி அறைப் பக்கம் போகாதவள், இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை போகாமல் இருந்தாள்.

"போன கிழமைதானே தள்ளி இருந்த? திரும்பவும் என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல. விளக்க நீங்க கொளுத்துங்க."

கொளுத்தினேன். என் மீது ஏதோ கோபம், அதனால் வேலைநிறுத்தம் செய்கிறாள் என்று நினைத்தேன். கலியாணம் கட்டி இருபது வருடத்தில் எத்தனை வேலைநிறுத்தம் பார்த்தாயிற்று.

சித்திரை மாதக் கிளினிக்குக்கு முதல்நாள் நாங்கள் அறிவித்துக்கொண்டு போகும்போது, எங்கள் ஊர் மிட்வைஃப் விதுர்ஷா மிஸ் ஸ்கூட்டியைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

"கோமளக்கா, ஒரு வரி குறையுதே."

"மறந்து போச்சு மிஸ்."

"நாலு மாசமாவா?"

கோமளம் மைக்கை நிறுத்தினாள். ஊரையே எழுப்புகிறவளின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"சின்னம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கின மிஸ். இடையில இடையில பட்டுது. மறுகா புற்றுநோய் எண்டாங்க. ஆறு மாசத்தில போயிற்றா. என்ர வாயால அந்த வரியச் சொல்ல ஏலாமப் போச்சு."

மிஸ் ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"ஊருக்கு உபதேசம் செய்யிற ஆள், நீங்களே இப்பிடி இருந்தா எப்பிடியக்கா? இடையில ரத்தம் படுறதுக்கு எத்தினையோ காரணம் இரிக்கி. கருத்தடைக் குளிசைய ஒழுங்காப் போடாட்டி வரும். கிருமி இருந்தா வரும். உள்ளுக்குச் சின்னச் சதை வளந்தாலும் வரும். நீங்க நினைக்கிறதும் அதில ஒண்டு, ஆனா கன பேருக்கு அது இல்ல. எதெண்டு பாக்காம எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நாளைக்கு முதல் ஆளா வாங்க."

எனக்கு என் மீதே ஆத்திரம் வந்தது. நாலு மாதமாக விளக்கைக் கொளுத்தினேனே தவிர, ஏன் என்று ஒருதரம் ஆறுதலாகக் கேட்கவில்லை. பயமும் வந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டோ மூன்று தரம் நின்றது. பிழை ஓட்டோவில் இல்லை.

கிளினிக்கில் பார்த்துவிட்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் திகதிகளைக் கேட்டார், என்னென்ன குளிசை போடுகிறாள் என்று கேட்டார், சிறுநீரைச் சோதித்துப் பிள்ளை இல்லை என்று உறுதிப்படுத்தினார். "நாப்பத்திமூண்டு வயசில பிள்ளையா?" என்று அந்தப் பயத்திலும் கோமளம் சிரித்தாள். கருப்பை வாசலில் பயற்றங்கொட்டை அளவில் ஒரு சதை இருந்தது. அன்றே சில நிமிடத்தில் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் அவள் என்னை ஒரு முறைகூட ஏசவில்லை. கடவுளே, இவள் என்னை ஏசட்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

கெடுதல் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. டொக்டருக்கு முன்னால் அடக்கமாகத் தலையாட்டியவள், ஓட்டோ நிறுத்துமிடத்துக்கு வந்ததும் கோயில் சடங்கில் போடுகிற மாதிரி ஒரு குரவை போட்டாள். காவலாளி ஓடி வந்தார். "மனுசிக்குச் சுகமாயிற்று" என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார். வழியெல்லாம் நான் மெதுவாக ஓட்டுகிறேன் என்று ஏசிக்கொண்டே வந்தாள்.

அடுத்த கிளினிக் நாள் காலையில் இரண்டு வரியையும் வாசித்தாள். வாசித்துவிட்டு, எழுதித் தராத ஒன்றையும் சேர்த்தாள்.

"எனக்கும் இரிந்த. பயத்தில நாலு மாசம் ஒளிச்சு வச்சிரிந்தன். காட்டினன், இப்ப சுகம். நீங்களும் வாங்க."

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

நாலாவது தரம் அதைச் சொல்லும்போது, என் மூத்த அக்கா ஆச்சிப்பிள்ளை தன் வீட்டுப் படலையில் நின்று கை காட்டினார். வயது அறுபது. துடக்கு, ஆசாரம் என்றால் ஊரே அவரிடம்தான் கேட்கும். இன்றைக்கு எங்களுக்குப் பூசைதான் என்று நினைத்துக்கொண்டு நிறுத்தினேன்.

"கிளினிக் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"எட்டரைக்கு மச்சாள்" என்றாள் கோமளம். அதைத்தான் காலையிலிருந்து கத்திக்கொண்டு வருகிறோம்.

அக்கா போகவில்லை. ஓட்டோக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் நிண்டு பத்து வருசத்துக்குப் பிறகு படுற பொம்புளைகளும் வரலாமா?"

கோமளம் மைக்கை நிறுத்தினாள்.

"அவங்கதான் முதல்ல வரணும் மச்சாள். ஏறுங்க, நானும் கூட வாறன்."

அவள் நகர்ந்து இடம் விட, அக்கா ஏறிக்கொண்டார். மீதி இரண்டு தெருவுக்கு அன்று அறிவித்தல் போகவில்லை.