ஐந்தருவியில் காணாமல் போன அருவி

சத்தியமாகச் சொல்கிறேன், இதை ஒருவரும் நம்பமாட்டீர்கள். நம்பச் சொல்லி நான் கேட்கவும் போவதில்லை.

எண்பதுகளின் நடுவில் கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் என் இடக்கண் பார்வையை முழுசாக விழுங்கிவிட்டு, வலக்கண்ணுக்கு இலை போட்டு உட்கார்ந்திருந்தது. மதுரையில் லேசர் வைத்தார்கள். சூரியனையே ஊசியில் கோத்துக் கண்ணுக்குள் இறக்கினார்கள் என்று ஊரில் சொல்லிவைத்தேன். "போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். எத்தனை வருஷத்துக்கு என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்" என்றார் டாக்டர்.

கண்ணைச் சோதிக்கக் குற்றாலம் இருக்க மதுரை எதற்கு? வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் தென்காசியில் பஸ் ஏறினால் ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். ஐந்தருவிக்கு அங்கிருந்து இன்னும் அவ்வளவு தூரம். கம்பித் தடுப்பருகே நின்று நடு அருவியை மட்டும் நேராகப் பார்ப்பேன். கண்ணை உருட்டாமல் ஐந்தும் தெரிந்தால் பாஸ். இரண்டு சாரலுக்குப் பாஸானேன்.

மூன்றாவது சாரலில் நாலுதான் தெரிந்தது. இடக்கோடி அருவி இருந்த இடத்தில் வெறும் மூட்டம். என் நெஞ்சு அடித்த அடியில் குற்றாலத்துக் குரங்குகள் கேரள எல்லையிலுள்ள புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டி ஓடின. லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன.

கூட வந்த மச்சினன் உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்றான்.

"ஏலே, தண்ணி கொறஞ்சிட்டோ? எத்தன விழுது?"

என் முகத்தைப் பார்த்தான். "நாலுதான் அத்தான். மேல மழ இல்லல்லா."

"பொய் சொல்லுதியா?"

"நான் எதுக்குச் சொல்லுதேன். வாங்க, குளிப்போம்."

போன உயிர் திரும்பியது. அப்போது அந்த மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்: "ஏட்டி, தலைய நல்லாக் காட்டு. எண்ண இன்னும் வழுக்குது."

என் கண்ணுக்கு அருவியே இல்லாத இடத்தில் யாரோ தலை முழுகிக்கொண்டிருந்தார்கள்.

நான் தடுப்பை விட்டுத் திரும்பினேன். மச்சினன் குளிக்காமலே எண்ணெயைத் துடைத்துச் சட்டையை மாட்டினான். "மதுரைக்குப் போயிருவோம் அத்தான்" என்றான்.

மதுரையில் பார்த்தபோது கண்ணில் அழுத்தம் ஏறியிருந்தது. லேசரின் பலன் சிலருக்கு வருஷம் போகப் போகத் தேயுமாம். எனக்குத் தேய்ந்துவிட்டது. அன்று எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை இன்றும் விடுகிறேன். மீதி நாலும் தப்பின.

ஐந்தருவிக்குக் கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுங்கள். லேசர் வைத்துக்கொண்டவர்கள் முதலில் டாக்டரிடம் அழுத்தம் பார்த்துவிட்டுப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு வலிக்கவே இல்லை.

குரங்கும் லாரியும் புளுகு. ஊசியில் கோத்த சூரியனும் புளுகு. மச்சினன் சொன்ன நாலும் புளுகு. நேராகப் பார்த்து நிற்கும்போது அந்த இடக்கோடி அருவி இன்றுவரை எனக்கு வெறும் இரைச்சல்தான். அது மட்டும் நிஜம்.