விமானக் கதவு வரை

நான் நேரில் கண்டவற்றையும், காதால் கேட்டவற்றையும், உடனிருந்த இன்னொருவரிடம் விசாரித்து உறுதிசெய்தவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இவ்விடயத்தில் நான் மிகைப்படுத்தும் ஒரு வரி, உண்மையான மற்ற எல்லா வரிகளையும் தள்ளிவிட வசதியாகிவிடும். அந்த இழப்பு எனக்கு நேராது. இருக்கையில் கட்டப்பட்டிருந்தவர்களுக்கே நேரும்.

நான் மருத்துவன். சுவிற்சர்லாந்தில் தஞ்சம் மறுக்கப்பட்டோரைத் திருப்பி அனுப்பும் தனி விமானங்களில் இரண்டு முறை பணிக்குச் சென்றேன். ஏறுவோர் பயணத்தைத் தாங்குவார்களா என்று சோதிப்பதும், இறங்கும்வரை அவர்களை நலமாக வைத்திருப்பதும் என் வேலை. அடிமைகளை ஏற்றிச் சென்ற பழைய கப்பல்களிலும் மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வேலையும் ஏறத்தாழ இதுவே. அவர்களுள் சிலர் பின்னாளில் அவ்வணிகத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள் என்று மாணவப் பருவத்தில் படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே மனிதரை விற்றார்கள். இங்கே சட்டப்படி அனுப்புகிறார்கள். ஆயினும் மருத்துவன் நிற்கும் இடம் ஒன்றுதான். அப்போது அதை நான் பார்க்க விரும்பவில்லை. தமிழர் ஏறும் விமானத்தில் தமிழறிந்த ஒருவன் இருப்பது அவர்களுக்கு நல்லது என்று வீட்டில் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

முதற் பயணத்தில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரின் மூச்சு தாறுமாறாக ஏறி இறங்கியது. கைகளும் கால்களும் பட்டிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. ஏதேனும் ஊசி போடலாமா என்று பொலிஸ் அதிகாரி கேட்டார். வேண்டாம், பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"தம்பி, நான் டொக்டர். பக்கத்திலதான் இருக்கிறன். மெல்ல மூச்சை விடுங்கோ."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "தமிழோ? எந்த ஊர் அண்ணை?"

"கரவெட்டி."

"நான் நெல்லியடி." பிறகு சிரித்தார். "நல்லாயிருக்கு. பக்கத்து ஊர்க்காரனைக் கொண்டே ஆளை அனுப்புறாங்கள்."

மூச்சு சீரானது. ஊசி தேவைப்படவில்லை. கொழும்பில் தரையிறங்கியபோது பட்டிகளை அவிழ்த்தார்கள். அவர் எழவில்லை.

"எயார்போட்டுக்குள்ள பொலிஸ் விசாரிப்பாங்கள் அண்ணை. அங்கயும் வருவியளோ?"

என் பணி விமானக் கதவோடு முடிகிறது என்பது எனக்குத் தெரியும்.

"ஓம், வாறன். நீங்கள் முன்னால நடவுங்கோ."

அவர் எழுந்து நடந்தார். யாரும் அவரைத் தொட வேண்டியிருக்கவில்லை. அதிகாரி என் தோளில் தட்டி, "சூப்பர்" என்றார். நான் அதை மறுக்கவில்லை.

அடுத்த முறையும் அழைத்தார்கள், போனேன். அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் அருகே குனிந்து பேசத் தொடங்கினேன். அதே சொற்கள், அதே ஒழுங்கில், அதே இதமான குரலில் வந்தன. எழுதும் வாக்கியம் செம்மையாக அமையும்போது எனக்குள் எழும் சிறு நிறைவு அப்போதும் எழுந்தது. பாதியில் நிறுத்தினேன். அவர் தொடர்ந்து அழுதார். அந்தப் பயணத்தோடு விலகினேன்.

அதன்பின் இத்தகைய விமானங்களுக்கு எதிராகக் கூட்டங்களில் பேசலானேன். ஓல்டன் புகையிரத நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு தேவாலய மண்டபத்தில், மூச்சுத் தடுமாறிய நெல்லியடி இளைஞரைப் பற்றியும், பட்டிகளைப் பற்றியும், தண்ணீரைக்கூட இன்னொருவர் கையால் குடிக்க நேர்ந்ததைப் பற்றியும் சொன்னேன். நான் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொல்லவில்லை. கைதட்டினார்கள். மடியில் கைப்பையோடு அமர்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். வில் நகரிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னார்.

"டொக்டர், அந்த நெல்லியடிப் பெடியன் என்ரை தம்பி. பிளேனால இறங்கின உடன போன் எடுத்தவன். 'அக்கா, பயப்பிடாதை, ஒரு தமிழ் டொக்டர் பின்னால வாறார், அவருக்காகத்தான் நிக்கிறன்' எண்டவன். அதுக்குப் பிறகு கதையே இல்லை. நீங்கள் வாறன் எண்டு சொன்னனீங்களோ?"

தம்பி நான் சொன்னதைத் தவறாக விளங்கியிருக்கலாம் என்று சொல்ல முடிந்திருக்கும். மண்டபம் என்னை நம்பவே விரும்பியது.

"ஓம். சொன்னனான். போகேல்லை. போக ஏலாதெண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

யாரோ இருமினார். அந்தப் பெண் உட்காரவில்லை.

"இதை எங்கட லோயரிட்டையும் சொல்லுவியளோ?"

"ஓம், சொல்லுறன்."

"இதுவும் அந்த ஓம் மாதிரியோ?"

அடுத்த வாரம் அவரோடு சட்டத்தரணியிடம் சென்று, அந்த வாக்கையும் சேர்த்துச் சொன்னேன். சட்டத்தரணி எழுதியதை வாசித்துவிட்டு அந்தப் பெண் தலையசைத்தார், நன்றி சொல்லவில்லை. அது சரியே.

விமானம் தரையிறங்கியதும், அந்தத் தம்பி தாமாக நடந்து இறங்கியதும், நான் கதவைத் தாண்டாததும் உறுதியானவை. உள்ளே அவரிடம் என்ன கேட்டார்கள் என்பது தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்கும் தெரியாது, அவருடைய அக்காவுக்கும் தெரியாது. எனக்காக அவர் எவ்வளவு நேரம் காத்து நின்றார் என்பதும் தெரியாது.