ஏழு பிள்ளைகளுக்கு ஓர் அரசாங்கம்

அரசாங்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்யத் தொடங்கினால் முதலில் முறிவது ஹவுஸ்மைஸ்டரின் முதுகுதான். ஹவுஸ்மைஸ்டர் என்றால் சாவி வைத்திருப்பவன், ஹீற்றர் பார்ப்பவன், பனி வழிப்பவன், வருகிற பெட்டியெல்லாம் தூக்குபவன். கொலோனில் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவிக் களைத்துப்போய், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மனைவி மலரையும் மகள் அபிராவையும் கூட்டிக்கொண்டு ஜெர்மனியின் வடகோடியில் ஒரு சின்னத் தீவுக்கு வந்து சேர்ந்தேன். காலையில் பள்ளிக்கூடத்து ஹவுஸ்மைஸ்டர், பின்னேரம் ஹோட்டல் குசினி. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை, ஒரு ரீச்சர், ஏழு பிள்ளைகள். அரசாங்கக் கடிதமொன்றை மூன்று தரம் வாசித்துவிட்டு, ‘இதை எனக்குத்தான் எழுதினவையோ?’ என்று நீங்களும் முழித்திருந்தால், வாருங்கள், நாங்கள் ஒரே கூட்டம். ஆட்கள் ஜெர்மனில் சொன்னதை எங்கட தமிழில் தருகிறேன்.

பன்னிரண்டு பெட்டி

வகுப்பறைக் கூரை ஒழுகியது. ரீச்சர் ஃப்ராவ் ஹான்சன் கூரைக்காக ஒரு அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிப் போட்டார். மூன்று மாதம் கழித்து ஃபெரிக் கப்பலில் பன்னிரண்டு கொம்பியூட்டர்கள் வந்து இறங்கின. ஒதுக்குப்புற வடபகுதிப் பள்ளிகளுக்கு இணையம் கொண்டுவரும் திட்டமாம். தீவில் கார் ஓடாது. இறங்குதுறையிலிருந்து கைவண்டியில், எதிர்க்காற்றில், ஆறு தரம் இழுத்தேன். ஏழு பிள்ளைக்கு ஏழு போக, மிச்சம் ஐந்தையும் ஒழுகாத மூலையில் அடுக்கிப் பொலித்தீன் போர்த்தினேன்.

ஏழுக்கும் வயர் பூட்டி முடித்த பிறகுதான் கவனித்தோம், பள்ளிக்கூடத்தில் இணைய இணைப்பே இல்லை. ஃப்ராவ் ஹான்சன் கல்வித் திணைக்களத்துக்கு ரெலிபோன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் தேன் ஒழுகும் ஒரு பெண்குரல் சொன்னது: “இணைப்பு வேற திட்டம். அதுக்கு நீங்கள் இணையத்திலைதான் விண்ணப்பிக்கவேணும்.”

அபிராவின் குறை

வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு படிவம் கேட்டது. ஒன்று என்று எழுதினோம், அது என் மகள். உடனே அபிராவுக்கு ஜெர்மன் படிப்பிக்க வாரம் ஒரு நாள் ஓர் இளம் ரீச்சர், ஃபெரியில் போகவர நாலு மணித்தியாலம் செலவழித்து வரத் தொடங்கினார். அபிரா பிறந்தது கொலோனில். எனக்கு வருகிற கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துகிறவளே அவள்தான். முதல் நாள் ரீச்சர் ஓர் அப்பிள் படத்தைத் தூக்கிக் காட்டி, “இது என்ன?” என்று மெதுவாகக் கேட்டார். “டெர் அப்ஃபெல். பன்மையில் எப்ஃபெல்,” என்றாள் அபிரா. ரீச்சர் படத்தைக் கீழே வைத்துவிட்டார்.

உண்மையில் உதவி தேவைப்பட்டது மற்ற ஆறு பேருக்கும். வீட்டில் தீவுப் பேச்சுப் பேசி வளர்ந்த அந்தப் பிள்ளைகள் எழுதுகிற ஜெர்மனைப் பார்த்தால் ஃப்ராவ் ஹான்சனுக்குத் தலைசுற்றும். ஆனால் அவர்களுக்கென்று படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் இளம் ரீச்சர் ஏழு பேரையும் ஒன்றாக இருத்திப் படிப்பித்தார். வருட முடிவில் எனக்கு ரோஷம் வந்து, “என்ரை பிள்ளைக்குக் குறையில்லை எண்டு எழுதுங்கோ,” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “எழுதினால் அடுத்த கிழமை நான் வர ஏலாது. உங்கட மகளின்ரை குறையிலைதான் மற்றப் பிள்ளையள் இலக்கணம் படிக்கினம்.”

அதிகாரியும் கடலும்

ஒரு கார்த்திகை மாதம் மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளைத் தினமும் ஃபெரியில் அக்கரைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. வந்த அன்றே புயல். ஃபெரி நின்றது. குளிர்காலம் என்று ஹோட்டலும் பூட்டியிருந்ததால் மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கினார். மலர் புட்டும் சொதியும் கொடுத்தாள், மனுசன் மறுக்காமல் சாப்பிட்டார். மணிக்கொரு தரம் யன்னலடிக்குப் போய்க் கடலைப் பார்ப்பார், முகம் வெளிறும். எங்களுக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். கண்ணால் கண்டுவிட்டாரே, இனிப் பள்ளிக்கூடம் தப்பியது என்று நினைத்தோம்.

அறிக்கை வந்தது. பிள்ளைகளின் தினசரிப் பயணம் சாத்தியமே, ஆனால் அதிகாரிகள் நேரில் வந்து பார்வையிடுவது வானிலை காரணமாகத் தவிர்க்கப்படவேண்டும் என்று இருந்தது. இப்போதைக்கு மூடமாட்டார்களாம், ஆறு பிள்ளைக்குக் குறைந்தால் மூடுவார்களாம். ஃப்ராவ் ஹான்சன் கடதாசியை என்னிடம் நீட்டினார்: “எங்கட பிள்ளையளுக்குச் செவுள் இருக்கெண்டு நினைச்சிட்டார் போலை.”

ஒரு தலை குறைந்தால்

அடுத்த கோடையில் ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு கரைக்குக் குடிபெயர்ந்தது. மிஞ்சியது ஐந்து பேர். மூடினால், அந்தக் கடலில் தினமும் அனுப்பப் பயந்து, எட்டு வயது அபிராவைக் கரையில் விடுதியில்தான் விடவேண்டும். ஊரில் என் பள்ளிக்கூடத்தை மூடியது குண்டு. இங்கே ஒரு கடிதமே போதும்.

கொலோனில் இருந்த மலரின் தம்பி சிவாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவனுக்குப் பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள். ஹோட்டலில் வேலையும் அறையும் பேசிவைத்திருந்தேன். “அத்தான், தீவை விட்டுத்தானே ஓடி வந்தனாங்கள், திரும்பவும் தீவோ?” என்று கத்தினான். மலர் ரெலிபோனை வாங்கி, “அபிராவை விட்டிட்டு என்னாலை இருக்க ஏலாதடா,” என்று அழுதாள். பத்து நாளில் சாமான்களோடு வந்து இறங்கினான்.

பள்ளிக்கூடம் தப்பியது. மறுபடியும் ஏழு பிள்ளைகள், அதில் மூன்று தமிழ்ப்பிள்ளைகள். திணைக்களம் கணக்குப் போட்டுப் பார்த்து, வெளிநாட்டுப் பின்னணிப் பிள்ளைகள் இவ்வளவு நிறைந்த இடம் நிச்சயம் ‘பிரச்சினைப் பகுதி’தான் என்று முடிவுகட்டியது. கூரையைத் திருத்தவில்லை, வன்முறைத் தடுப்புப் பயிற்சியாளர் ஒருவரை அனுப்பியது. வீடுகளுக்குப் பூட்டே போடாத தீவில் அந்த மனிதர் குறிப்பேட்டோடு வீடுவீடாகப் போனார். சிவாவின் மனைவி ஜெயந்தியிடம், “பிள்ளைகள் கும்பலாகச் சேர்ந்து திரிகிறார்களா?” என்று கேட்டார். ஜெயந்தி யோசித்துத்தான் பதில் சொன்னாள்: “ஓம், ஏழு பேரும் ஒரே கும்பல்தான். தீவிலை வேற பிள்ளையள் இல்லையே.”

வடக்கே இருக்கிற எங்களுக்கு அரசாங்கத்தின் உதவி வராமல் போன வருடமே கிடையாது, கேட்டது மட்டும்தான் வந்ததில்லை.