364-க்குப் போட்ட சிவப்பு டிக்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது வராந்தாவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியிருந்த பெஞ்சுகள். மொத்தம் இருபத்தாறு. மேலே இருந்தவை சாரலில் நனைந்திருந்தன. என் பெஞ்சு எது என்று அடையாளம் தெரிந்தது, ஏனென்றால் காம்பஸ் முனையால் என் பெயரின் முதல் எழுத்தை அதில் செதுக்கி வைத்திருந்தேன். இப்போது அந்த எழுத்து தலைகீழாக நின்றது. வகுப்பறைக்குள் தரையில் ஜமக்காளம் விரித்து, அதன் நடுவே ஒரு பெண் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நூல் புடவை, கையில் ஆண்கள் கட்டும் கடிகாரம். அவர்தான் புது டீச்சர் என்பதை எங்களில் யாரும் நம்பவில்லை. டீச்சர் என்றால் நிற்பவர்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புனேயில் கோர்படி ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஆங்கிலப் பள்ளி. பழைய டீச்சர் கணவருக்கு மாற்றலாகி வடக்கே போய்விட்டார். அவர் பலகையில் எழுதுவார், நாங்கள் நோட்டில் எழுதுவோம். பலகையில் இருப்பது நோட்டிலும் இருந்தால் சிவப்பு டிக். படிப்பு என்பது இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதில் நான் கெட்டிக்காரி.

புது டீச்சர் பலகைப் பக்கமே போகவில்லை. கயிறு கொடுத்து வராந்தாவை அளக்கச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி போனால் பாடத்தை நிறுத்திவிட்டுப் பெட்டிகளை எண்ணச் சொன்னார். யார் எந்த விடை சொன்னாலும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "கைஸே?" எப்படி? இரண்டாம் நாளே வகுப்பில் அவருக்குக் கைஸே டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது.

நாற்பத்திரண்டு பெட்டி, பதினேழு போய்விட்டது, மிச்சம் எத்தனை என்று ஒருநாள் என்னைக் கேட்டார். இருபத்தைந்து என்றேன். "கைஸே?" என்றார். விடை தப்பு என்று புரிந்துகொண்டு முப்பத்தைந்து என்று மாற்றினேன். "கைஸே?" என்றார். இருபத்துநாலு என்றேன். பக்கத்தில் இருந்த மராத்திப் பெண் என் முழங்கையில் கிள்ளி, "பைத்தியமா நீ? முதலில் சொன்னதுதானே சரி!" என்று இந்தியில் சீறினாள். சரியான விடைக்கு எதற்குக் கேள்வி என்று எனக்குப் பிடிபடவில்லை. 

வீட்டில் வேறு ஒரு கேள்வி காத்திருந்தது. என் பெற்றோர் குடியாத்தம் பக்கத்துக்காரர்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, ஆனால் டிக் படிக்க வரும். நான் பையை இறக்கியதும் நோட்டை வாங்கி, விரல் வைத்து டிக்குகளை எண்ணுவாள். அந்த எண்ணிக்கை சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் மற்ற குவார்ட்டர்ஸ் பெண்களுக்குப் போய்ச் சேரும். ஜூலை கடைசியில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"இன்னாடி இது, நோட்டு வெள்ளையா கீது?"

"கயிறு வச்சி அளந்தோம்மா."

"அளந்துக்கினு இருக்கவா அனுப்பறோம்? நீ இன்னா டெய்லரா?"

குழாயடியில் இந்தப் பேச்சு ஏற்கனவே முற்றியிருந்தது. புது டீச்சரைத் தீபாவளி வரை வைத்துப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவது என்றுதான் எடுத்திருந்தார்கள். இரண்டு மூன்று வீட்டார் காலி நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைமையாசிரியையிடம் காட்டிவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் தீபாவளி வரைகூட இல்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். இது எனக்கும் தெரியும். புகார் என்பது வேறு வீடுகளிலிருந்து கிளம்புவது என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்டில் நோட்டில் போடப் பதினொரு கழித்தல் கணக்கு வந்தது. அதில் ஒன்று: ஐந்நூற்று மூன்றில் இருநூற்று அறுபத்தேழு போனால் மிச்சம் எவ்வளவு? ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, 364 என்று எழுதினேன். டீச்சர் அதைக் கோடு போட்டு அடிக்கவும் இல்லை, வட்டம் போடவும் இல்லை. விடைக்குப் பக்கத்தில் பென்சிலால், ஆங்கிலத்தில், அதே கேள்வியை எழுதிவிட்டு அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார். சரியான விடைக்கும் எப்படி, தப்பான விடைக்கும் எப்படி. இது எதில் சேர்த்தி என்று அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பாவுக்கு ராணுவப் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை. செய்து முடித்த உதிரிபாகத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் தன் எண் பொறித்த சீலை அடிப்பார். தப்பாக இருந்தால் சிவப்புப் பேனாவால் சீட்டு எழுதித் திருப்புவார். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து படுத்துவிடுவார். சட்டை ஆணியில் தொங்கும். பையில் மூன்று பேனா, சிவப்பு நடுவில். அன்று மத்தியானம் அதை எடுத்தேன். டீச்சரின் பென்சில் கேள்விகளை எல்லாம் ரப்பரால் அழித்துவிட்டு, பழைய டீச்சரின் கைவாகில், வால் நீண்ட பதினொரு டிக் போட்டேன். பேனாவை மறுபடி நடுவில் செருகி வைத்தேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம். பதினொன்று என்பதைக் குழாயடியில் இரண்டு தடவை சொன்னாள். அத்துடன் விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெருமையாக நோட்டை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

அப்பா முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். 364-க்கு வந்ததும் நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

"இருநூத்து முப்பத்தாறு இல்ல வரணும்?"

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை, டிக்கைத்தான் பார்த்தார்.

"கொயந்த தப்பா போடும். அது கொயந்த. தப்பு பார்ட்டுக்கு சீல் அடிச்சவனை இன்னா பண்றது?"

"நாளைக்கே போயி கேளு," என்றாள் அம்மா. "அளக்கறதுக்குக் கயிறு குடுத்தப்பவே எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை அப்பா அரை நாள் லீவு போட்டார். தலைமையாசிரியையின் அறையில் மேஜைமேல் என் நோட்டு திறந்து கிடந்தது. அப்பாவின் இந்தி பட்டறையில் கற்றது. அதட்டலும் மரியாதையும் ஒரே வாக்கியத்தில் வரும். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். புது டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சாக்பீஸ் தூசி இல்லாத கையோடு வந்தார்.

"இது உங்கள் டிக்கா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

டீச்சர் நோட்டைக் கையில் எடுத்தார். பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். ரப்பர் தேய்த்த இடத்தில் காகிதம் பஞ்சாகியிருந்தது. கட்டைவிரலால் அதை ஒருதரம் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பாரோ அவ்வளவு நேரம் பார்த்தார். அப்பாவின் சட்டைப் பையில் மூன்று பேனாக்களும் இருந்தன. நான் என் செருப்பைக் குனிந்து பார்த்தேன்.

"ஹாங்," என்றார் டீச்சர். "என்னுடையதுதான்."

"விடை தப்பு என்பது தெரியவில்லையா?"

"கவனிக்கவில்லை."

வெளியே வந்ததும் அப்பா சைக்கிள் பூட்டைத் திறந்தபடி கொஞ்சம் குழம்பியவராகச் சொன்னார்: "டபக்குனு ஒத்துக்கினாங்க. எங்க செக்‌ஷன்ல ஒருத்தன் ஒத்துக்க மாட்டான்." வீட்டில் அம்மா, "பின்ன? கையும் களவுமா மாட்டிக்கினா ஒத்துக்காம?" என்றாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சாப்பிடும்போது, "இருந்தாலும்," என்று மட்டும் சொன்னார். 

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் மறந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். ஐம்பத்திரண்டு நோட்டு, யாருக்கு எது போட்டோம் என்று எப்படி நினைவிருக்கும்? கண்பார்வை சரியில்லையோ என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள் வாக்கில், அந்தப் பதினொரு டிக்கில் ஒன்றையாவது அவரே போட்டிருப்பாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெரியவர் ஒருவர், டீச்சர், தலைமையாசிரியை முன்னால் நின்று தன்னுடையது என்று சொல்கிறார். நான் ஒன்பது வயதுப் பிள்ளை. யாருடைய ஞாபகம் சரியாக இருக்கும்? 364-க்கு எதிரே இருந்த டிக்கின் வாலை விரலால் அளந்து பார்த்தேன். என் கைபோலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் வகுப்பில் டீச்சர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை மணி அடித்ததும் எல்லோருடைய நோட்டையும் அவரவர் கையில் தானே கொடுத்தார்.  என்னுடையதை வாசலில் வைத்துத் திறந்தேன். 364-க்குப் பக்கத்தில், காகிதம் பஞ்சாகிப்போன அதே இடத்தில், அதே சொல்லைப் பென்சிலால் மறுபடி எழுதியிருந்தார். அங்கிருந்து ஒரு அம்புக்குறி பக்கத்தின் அடியில் காலியாக இருந்த நாலு வரிக்கு இறங்கியது. இவருக்கு இன்னும் டிக் போடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நோட்டைப் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பலகையருகே வேறொரு டீச்சர் நின்றிருந்தார். பெஞ்சுகள் எல்லாம் உள்ளே வந்திருந்தன. இருபத்தைந்து. மழையில் ஊறி ஒன்றுக்குக் கால் விட்டுப்போயிருந்தது.