துடைத்துவிட்ட வரி

“…எதை எழுதினாலும் ‘ஹவ் அப்பா, ஹவ்’னு, ஆமா ஆமான்னு தலையாட்டிட்டுத் துடைச்சிடுவேன் அங்கிள். எதுக்குப் பொய் சொல்லணும், எனக்கு அது படிக்க வராது.”

குஷாய்குடாவில் என் நண்பர் வீட்டு வாசலில் நின்று அவர் மகள் இதைச் சொன்னபோது அவள் கையில் ஈரத்துணி இருந்தது. உள்ளே கட்டிலில் அவர். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருந்த துளை வழியாகத்தான் மூச்சு. பேச்சுக்குப் பதிலாகக் குழந்தைகள் எழுதிப் பழகும் வெள்ளைப் பலகை ஒன்றும் ஒரு மார்க்கரும்.

அவரும் நானும் ஃபேக்டரியில் ஒரே மேஜையில் முப்பது வருஷம் ஈயப்பற்று வைத்தவர்கள். அவருக்கு வாணியம்பாடி. வீட்டில் உருது, என்னோடு தமிழ். தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவார். நான் அவசரப்பட்டால், “ஈயத்தைக் கொட்டாதப்பா, அதுவா ஓடட்டும். உனக்கென்ன பஸ்ஸா போயிடுது?” என்பார். நான் அவரை பாய் என்பேன். அப்படிப்பட்ட மனிதருக்குத் தமிழ் எழுத வராது என்பதே குரல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படித்தது உருதுப் பள்ளிக்கூடம். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவார், உதிரிபாகங்களின் பெயர்களை எழுதுவார், அவ்வளவுதான். பலகையில் எழுதுவதெல்லாம் உருது. மகளோ தெலுங்கும் உருதுவும் புழங்கும் இந்த ஊரிலேயே ஆங்கிலப் பள்ளியில் படித்தவள், உருது பேசுவாள், படிக்கத் தெரியாது.

“குர்ஆன் ஓதறியேம்மா, அதே எழுத்துதானே?” என்று கேட்டேன்.

“அதுல உச்சரிப்புக்கு மேல கீழ குறி போட்டிருக்கும் அங்கிள். இவரு புள்ளியே வைக்க மாட்டாரு.”

“உங்க அத்தைக்கு போட்டோ எடுத்து அனுப்பேன்.”

“நக்கோ அங்கிள், வேணாம். பெத்த அப்பா எழுத்து தெரியாத பொண்ணுன்னு குடும்பமே சிரிக்கும்.”

பாயின் தங்கையான அந்த அத்தை வெள்ளிக்கிழமைகளில் வருவார். அவர் வந்தால் பாய் பலகையைக் கவிழ்த்து மார்பின் மேல் வைத்துக்கொள்வார். அதையும் நான் பார்த்தேன். பாய் கேட்பதெல்லாம் தண்ணீரும் ஃபேனும் தலையணையும்தான் என்றால் தங்கையிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அந்தக் கேள்வி பஸ்ஸில் என் வீடிருக்கும் மாரெட்பள்ளி வரை என்னோடு வந்தது.

மறுநாள் பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் குழந்தைகளுக்கான உருது முதல் புத்தகம் ஒன்று வாங்கினேன். வீட்டில் என் மனைவி, “அறுபத்திரெண்டு வயசுல அலிஃப் பேயா? மொதல்ல பஸ்ல தெலுங்கு போர்டைப் படிங்க. போன வாரம் போலாரம் பஸ்ல ஏறி உட்கார்ந்த ஆளுதானே நீங்க?” என்றாள். சிரித்தோம். அந்த மாதத்தில் சிரித்தது அதுதான் நினைவிருக்கிறது.

தனித்தனி எழுத்து பத்து நாளில் வந்துவிட்டது. சேர்த்து எழுதுவதில்தான் மாட்டிக்கொண்டேன். தனியாக நிற்கும்போது வயிறும் வாலுமாக இருக்கும் எழுத்து, பக்கத்தில் இன்னொன்று வந்ததும் வாலை இழந்து ஒரு சின்னப் பல்லாகிவிடும். சொல்லின் தொடக்கத்தில் ஒரு முகம், நடுவில் ஒரு முகம், கடைசியில்தான் வால் திரும்பக் கிடைக்கும். அலிஃபும் தாலும் ரேயும் இன்னும் சிலவும் வேறு ரகம். முன்னால் வருபவன் கை கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், அடுத்தவனுக்குக் கை தராது. அங்கே சொல் அறுந்து, புதிதாகத் தொடங்கும். நான் அறுந்த இடத்தை எல்லாம் சொல்லின் முடிவு என்று எண்ணித் தடுமாறினேன்.

பாயின் பக்கத்தில் உட்கார்ந்து பலகையில் எழுதிக் காட்டுவேன். சேரக்கூடாத இடத்தில் நான் சேர்த்திருந்தால், அந்த இணைப்பை மட்டும் விரல் நுனியால் அழிப்பார். ஃபேக்டரியில் என் தப்பான பற்றை உருக்கி எடுத்த அதே விரல். இப்போது அதில் எலும்புதான் இருந்தது. பிறகு பலகையை வாங்கித் தன் வரியை எழுதுவார். நான் முதல் சொல்லில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே மகள் வந்துவிடுவாள். ஹவ் அப்பா. துணி. வெள்ளை.

ஆமாம், இல்லைக்கு அவர் நன்றாகவே தலையசைப்பார். பசிக்கிறதா, வலிக்கிறதா, ஜன்னலைச் சாத்தவா, எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. ஆனால் யாராவது கேட்டால்தானே பதில்? கேட்க வேண்டியதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நானும்தான். “அடுத்த கீமோல சரியாயிடும் பாய்” என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்ப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கதவருகே ஆஸ்பத்திரிப் பை தயாராக இருந்தது. மறுநாள் மறுபடி சேர்க்க வேண்டும். பாய் எழுதினார். ஈரத்துணி அன்று என் மடியில் கிடந்தது. மகள் அதைத் தேடுவது தெரிந்தும் நான் கொடுக்கவில்லை.

முதல் சொல் ஒரே இழுப்பு. மீமும் ஜீமும் மற்றவையும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருந்தன. முஜே. என்னை. அடுத்தது அலிஃப் தனியாக நிற்க, பக்கத்தில் ஒரு பே. அப். இனிமேல். ஓசை வந்துவிட்டால் அர்த்தம் தெரியும். இந்த ஊரில் இத்தனை வருஷம் காதில் விழுந்த பாஷைதானே. மத். லே. ஜாவ். வாய்விட்டுப் படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்பது எனக்கு உறைத்தது. இனிமேல் என்னைக் கொண்டுபோகாதீர்கள்.

பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

“இதேதானாம்மா தினமும்?” என்றேன்.

“வடிவம் இதேதான் அங்கிள்.” அவள் குரல் சின்னதாகிவிட்டது. “ஒரு மாசமா. தண்ணி கேக்கறதுக்கு யாராச்சும் இவ்ளோ நீளமா எழுதுவாங்களா? எனக்குத் தோணுச்சு. தோணினதாலதான் சட்டுனு துடைச்சேன்.”

என்னிடமும் ஒரு மாதப் பொய் இருந்தது.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து அவர் முகத்தருகே கேட்டாள். “நக்கோவா அப்பா?”

கண்ணைத் திறக்காமலே அவர் தலையசைத்தார். ஆமாம் என்று.

பிறகு அவள் எழுந்து கதவருகே போய், தரையில் உட்கார்ந்து பையின் ஜிப்பைத் திறந்தாள். துண்டு, லுங்கி, டம்ளர், ஃபிளாஸ்க் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அது அது இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.