கலரக்கா காப்பாற்றிய அம்மா

காகிதத்தில் வரைந்த ஓர் அம்மாவைக் காப்பாற்ற, ரத்தமும் சதையுமான ஒரு பெண் ஏன் அவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்?

அந்தப் பெண்ணை எல்லோரும் கலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாராவாரம் வரும் ஒரு சாகச காமிக்ஸுக்கு வண்ணம் போடுவது அவள் வேலை. அதில் பறக்கும் நாயகன் ஒருவன், அவனுக்கு ஓர் அம்மா, எதிரிகளாக வேற்றுக் கிரகத்துச் செவியர்கள். செவியர் என்பது கடுகளவு பிராணி. தூங்குகிறவரின் காது வழியே நுழைந்து மூளையில் குடித்தனம் வைத்துவிடும். அதன்பிறகு அந்த ஆள் அது ஆட்டி வைக்கிறபடி ஆட வேண்டியதுதான். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரே அடையாளம், காது மடல் பச்சையாகிவிடும்.

அந்தப் பச்சையை வைக்கிறவள் கலரக்கா. அதனால் அடுத்த துரோகி யார் என்பது ஊருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரர் எவ்வளவு துருவினாலும் மூச்சு விட மாட்டாள். ரொம்பத் தொணதொணத்தால் அவர் காதையே உற்றுப் பார்ப்பாள். மனிதர் நைசாக நழுவி பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

நாயகனின் அம்மாமேல் அவளுக்குத் தனிப் பிரியம். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மா அவள். மகன் உலகத்தையே காப்பாற்றிவிட்டு வந்து நின்றாலும், சட்டையை எங்கே கிழித்துக்கொண்டு வந்தாய் என்றுதான் முதலில் கேட்பாள். எத்தனை நாள்தான் இவள் மூளிக் காதோடு நிற்பாள் என்று ஒரு மத்தியானம் கலரக்காவுக்குத் தோன்றிவிட்டது. ஓவியரிடம்கூடக் கேட்காமல், குட்டியாக ஒரு பச்சைக் கல் தோடு வைத்தாள். கணினியில் ஒரு தட்டு. வண்ணம் தோட்டோடு நிற்காமல் மடல் முழுக்கப் பரவிவிட்டது. அதைக் கவனிக்காமல் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

இதழ் கடைக்குப் போனதும் அலுவலகத் தொலைபேசி ஓயவே இல்லை. அம்மாவுக்குள்ளேயே செவியரா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர், போன மாதமே அந்த அம்மாவின் சிரிப்பு சரியில்லை என்று தனக்குப் பட்டதாகச் சாதித்தார்.

கலரக்கா அப்போதுதான் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். நேரே கதைக்காரர் மேசைக்குப் போய் நடந்ததைச் சொல்லி, அடுத்த இதழில் திருத்தம் போடச் சொன்னாள். அவர் கேட்கிற நிலையிலேயே இல்லை. இப்படி ஒரு திருப்பம் தானாக வந்து விழுந்த பூரிப்பில், அம்மா சாகும் காட்சியைப் பாதி எழுதியிருந்தார். செவியரை வெளியே எடுத்தால் ஆள் பிழைக்காது. உள்ளே விட்டால் ஆள் எதிரி. முதல் இதழிலிருந்தே அவர் வைத்த விதி அது.

"கை தவறுனது எனக்கு சார். அதுக்கு அவங்க எதுக்கு சாகணும்?"

"ஏம்மா, அவங்க வெறும் படம்மா."

"நீங்க எழுதிட்டுப் போயிடுறீங்க. வாராவாரம் அந்த முகத்தோட உக்காந்திருக்கறது நான்தானே."

விதியை மீறாமல் அம்மாவைப் பிழைக்க வைக்க ஒரு வழி சொன்னால் மாற்றுவதாகவும், சாயங்காலம் வரைதான் பொறுக்க முடியும் என்றும் கதைக்காரர் சொல்லிவிட்டார். கலரக்கா சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாய்கூட வைக்காமல் யோசித்தாள். பிறகு டப்பாவை மூடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அதை எடுக்கவே வேண்டாம் சார். உள்ளேயே கிடக்கட்டும்."

"கிடந்தா அது சொல்றபடி ஆடுவாங்களே."

"வானத்துல பறக்குற புள்ள சொன்னாலே கேக்காதவங்க, ஒரு கடுகு சொல்லியா கேட்டுடப் போறாங்க?"

கதைக்காரர் மேசைமேல் இருந்த தேநீர் சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். எழுதியிருந்த சாவைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார்.

அடுத்த இதழில் அம்மாவின் மூளைக்குள்ளிருந்து செவியர் கட்டளை போட்டது, மகனைக் காட்டிக் கொடு என்று. முதலில் இந்தத் துணி மூட்டை தீரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள் அம்மா. கடைசிப் பக்கத்தில் செவியர்களின் தளபதி விண்கலத்திலிருந்து நிலவரம் கேட்கிறார். அம்மாவுக்குள் இருந்த செவியர் பயபக்தியோடு பதில் சொல்கிறது:

"காலரை முதல்ல தேய்க்கணுமாம் தலைவரே. இல்லேன்னா மறுபடியும் கசங்கிடுமாம்."

உங்கள் வீட்டில் காமிக்ஸ் படிக்கிறவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். அதெல்லாம் வெறும் படம்தானே என்கிறவர்கள் இருந்தால், அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.